பிலிப் பினெல் வைத்தியர் சரித்திரம்

உடம்பில் நோய் வந்தவனைக் கண்டு இரங்காதார் அரியர். காய்ச்சலாற் கிடப்பவனுக்கு அயலவர் கஞ்சி கொண்டு செல்கின்றனர். காலொடிந்தவனைக் கைத்தாங்கலாக நடத்துகின்றனர். மனத்தில் நோய் வந்தவனிடத்தோ அவ்விரக்கம் செல்வதில்லை. அவனைக் கண்டு சிறுவர் கல்லெறிவர். பெரியோர் நகைப்பர், அல்லது அஞ்சி விலகுவர். உற்றார் ஊராருக்கு நாணி அவனைப் புறத்தேயுள்ள அறையொன்றிற் பூட்டி வைப்பர். தன் துன்பத்தைத் தானே எடுத்துச் சொல்லமாட்டாதவன் எவனோ, அவனே பிறர் இரக்கத்தை மிக வேண்டி நிற்பவன். அவனே அதனை மிகக் குறையப் பெறுகின்றான்.

வீட்டிலும் வீதியிலும் நிகழும் இவ்வநீதி, நோய் தீர்ப்பதற்கென்றே எடுக்கப்பட்ட வைத்தியசாலைகளிலும் நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. மனநோயாளரும் நோயாளரே, அவர்பால் அடியும் சங்கிலியும் ஆகா, அன்பும் ஒழுங்குமே அவர்க்கு முதன் மருந்து என்னும் உண்மையை நூலெழுதியும் நடந்துகாட்டியும் உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் பிரான்சு தேசத்து வைத்தியராகிய பிலிப் பினெல். பிறரைத் தம் அதிகாரத்தின் கீழ் வைத்துப் பேணுந் தொழிலுடையார் யாவர்க்கும், விசேடமாக ஆசிரியர்களுக்கு, அவர் சரித்திரம் அறியத்தக்கது. ஆதலால் அதனை இங்கே சுருக்கி எழுதுவாம்.

பிறப்பும் கல்வியும்

பினெல் 1745ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 20ஆந் தேதி, பிரான்சு தேசத்தின் தென்பாகத்துள்ள சிற்றூர் ஒன்றிலே பிறந்தார். தந்தையார் அறுவை வைத்தியஞ் செய்து சீவித்தவர். மைந்தர் முதலிலே கிறித்தவ குருத்துவத்துக்கென்று நியமிக்கப்பட்டுச் சமயநூல் கற்றார். 1770ஆம் ஆண்டளவில் அவ்வழியை விட்டு, தூலூசு நகரத்துச் சர்வகலாசாலையிலே வைத்திய நூல் பயின்று, 1773இற் பட்டம் பெற்றார். பின்னர் வைத்தியக் கல்விக்குப் பேர்போன மொம்பெல்லியே நகரத்திலே நான்காண்டு தங்கி, வைத்தியசாலைகளிலே நோயாளரின் பக்கத்திருந்து நோய்க்குறிகளை நாடோறும் குறித்தெழுதும் வழக்கத்தைக் கைக்கொண்டார். பிற்காலத்தில் அவர் செய்தவற்றுக்கெல்லாம் இவ்வழக்கமே வேராயிற்று. கணிதத்திலும் அவர் வல்லவர்.

பாரிசு நகரத்திற் பதினைந்தாண்டு

1778ஆம் ஆண்டு, தமது 33ஆம் வயதிலே, பினெல் தலைநகராகிய பாரிசுக்குச் சென்றார். அங்கே ஓரிடையூறு எதிர்ப்பட்டது. பாரிசு வைத்திய சபையார் தூலூசிற் பெற்ற பட்டத்தை ஒப்புக்கொண்டிலர். ஆதலின் அந்நகரிலே வைத்தியத் தொழில் நடத்த அவருக்கு உரிமை கிடைத்திலது. அச்சபையார் வைத்த பரிசுத் தேர்வொன்றுக்கு இருமுறை முயன்றும் அவர் வெற்றி பெற்றிலர். இயல்பிலே கூச்சமுள்ளவர், சபை நடுவே நாவன்மை காட்டத் தெரியாதவர். அதனாற் கணிதங் கற்பித்தும், ஆங்கில வைத்திய நூல்களைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்தும், சுகாதாரப் பத்திரிகை ஒன்றை நடத்தியும் பதினைந்தாண்டு வயிறு வளர்த்தார்.

அக்காலத்திலே அவர் உள்ளத்தை வருத்திய சம்பவம் ஒன்று நிகழ்ந்தது. நாட்டுப்புறத்திலிருந்து சட்டம் படிக்க வந்த இளைஞன் ஒருவன் அவருக்கு நண்பனாயிருந்தான். அவன் இரவு பகலாகப் படித்து, உணவைச் சுருக்கி, மனச்சோர்வுற்று, முடிவிலே சித்தங் கலங்கினான். பினெல் தம்மாலியன்ற மட்டும் முயன்றார். பெரிய வைத்தியசாலையிலும் சேர்ப்பித்தார். பயன் உண்டாகவில்லை. பெற்றோர் அவனை வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். ஒரு நாள் அவன் தப்பி ஓடிக் காட்டினுள்ளே பசியாலும் களைப்பாலும் மாண்டு கிடந்தான். கற்றறிந்த வைத்தியராகிய தாம் தம் நண்பனுக்கு ஒன்றும் உதவமாட்டாமற் போனமை பினெலுக்கு ஆறாத் துயரமாயிற்று. மனநோயின் இயல்பை ஆராய்வதிலே அவர் கருத்தைத் திருப்பியது இத்துயரமே.

பின்பு அவர் செல்வர் வீட்டு மனநோயாளரைப் பணம் பெற்று வைத்திருந்த இல்லமொன்றிலே சில ஆண்டுகள் வைத்தியஞ் செய்தார். நோயாளன் இருக்குமளவும் இல்லத்தாருக்கு வருவாய் உண்டு. குணமடைந்து சென்றால் வருவாய் இல்லை. ஆகவே குணப்படுத்தலில் அவ்வில்லத்துத் தலைவருக்கு ஊக்கம் இல்லாதிருந்ததைப் பினெல் கண்டார். பராமரிப்பு வணிகமாய்விடின் இரக்கம் எவ்வாறு வாடும் என்பதை அவர் அங்கே கற்றார்.

பீசேத்தர் வைத்தியசாலை

1789ஆம் ஆண்டு பிரெஞ்சுப் புரட்சி எழுந்தது. பழைய சபைகளின் அதிகாரம் குலைந்தது. பினெலுக்கு அடைபட்டிருந்த கதவும் திறந்தது. 1793ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்திலே அவர் பாரிசுக்குத் தெற்கேயுள்ள பீசேத்தர் வைத்தியசாலைக்கு வைத்தியராகச் சென்றார். அப்பொழுது அவருக்கு வயசு 48.

வைத்தியசாலை என்னும் பெயரைக் கேட்டு நாம் இக்காலத்து வைத்தியசாலை ஒன்றை எண்ணலாகாது. பீசேத்தர் முதியோர்க்கு விடுதி, வறியோர்க்கு மடம், குற்றவாளிகளுக்குச் சிறை, சித்தங் கலங்கினோர்க்குத் தொழுவம் என்னும் நான்குமாயிருந்தது. ஏறக்குறைய 4,000 ஆண்கள் அங்கே அடைந்து கிடந்தனர். கில்லெட்டின் என்னுஞ் சிரச்சேத யந்திரத்தை 1792ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்திலே பிணங்களை வைத்துப் பரீட்சித்தது அவ்விடத்திலேதான். அவ்வாண்டு செத்தெம்பரிலே புரட்சிக் கூட்டத்தார் புகுந்து அங்கிருந்த சிறையாளர் பலரைக் கொன்றனர். இவ்வளவு அச்சத்துக்கு இருப்பிடமாகிய அவ்விடத்திலே, மனநோயாளர் ஏறக்குறைய இருநூற்றுவர் ஒரு புறத்தே வைக்கப்பட்டிருந்தனர்.

அவர்களுட் சிலர் சுவரோடு சங்கிலியாற் பிணிக்கப்பட்டுப் பல்லாண்டு கிடந்தவர். சித்தங் கலங்கினவன் குளிரையும் பசியையும் உணரான் என்பது அக்காலத்தார் கொள்கை. அக்கொள்கையால் அவனுக்கு வைக்கோலும் ஈரத்தரையுமே போதுமென்றிருந்தனர். நகரத்தார் வேடிக்கை பார்க்க வருதலும் முன்னாளில் வழக்கமாயிருந்தது. வைத்தியம் என்று சொல்லப்பட்டதோ, திரும்பத்திரும்ப இரத்தம் வாங்குதல், பேதிக்குக் கொடுத்தல், குளிர்நீரில் அமிழ்த்தல் என்பனவே. இவற்றாற் குணமடையாதாரைப் பெரிய வைத்தியசாலையார் பீசேத்தருக்கு அனுப்புவர். அங்கே அனுப்பப்படுதல் நம்பிக்கை அற்றதென்பதற்கு அடையாளம்.

வந்த புதிய வைத்தியர் உடனே மருந்து எழுதத் தொடங்கவில்லை. நாடோறும் பலமுறை அறைதோறுஞ் சென்றார். ஒவ்வொருவன் பக்கத்திலும் நின்று பேசினார். அவன் சொல்வது பொருளற்றதாய்த் தோன்றினும் முடியுமளவுங் கேட்டார். கேட்டவற்றையும் கண்டவற்றையும் எழுதினார். எழுதியவற்றை ஒப்புநோக்கியபோது இரண்டு உண்மைகள் புலப்பட்டன. ஒன்று, சித்தங் கலங்கினவனிடத்தும் அறிவின் ஒரு பாகம் பெரும்பாலும் அழியாது நிற்கின்றது என்பது. மற்றொன்று, அவனுடைய மூர்க்கத்திற் பெரும்பகுதி நோயினால் வந்ததன்று, அவன் நடத்தப்பட்ட விதத்தினால் வந்தது என்பது. கட்டுண்டு, அடியுண்டு, நகைக்கப்பட்டவன் வேறு எவ்வாறு நடப்பான்?

பூசென் என்னும் மேற்பார்வையாளர்

இவ்வுண்மைகளைப் பினெல் தாமே முழுதும் கண்டுபிடித்தார் என்று சொல்லுதல் சரியன்று. அவர் பீசேத்தருக்கு வருமுன்னரே அவற்றை நடையிற் கொண்டிருந்த ஒருவர் அங்கே இருந்தார். மனநோயாளர் பகுதிக்கு மேற்பார்வையாளராயிருந்த யோன் பத்தீஸ்து பூசென் என்பவரே அவர். பினெல் பிறந்த 1745ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். தோல் பதனிடுந் தொழிலாளி. வைத்தியக் கல்வி ஒரு சிறிதும் பெறாதவர். கண்டமாலை நோயினாற் பீடிக்கப்பட்டு 1771ஆம் ஆண்டிலே நோயாளராகப் பீசேத்தருக்கு வந்து, குணமடைந்தபின் அங்கேயே பணியாளராய்த் தங்கிவிட்டவர். நோயாளனுடைய படுக்கை எத்தன்மையது என்பதை அதிலே கிடந்து அறிந்தவர். அவர் மனைவியாரும் அவருக்குத் துணையாயிருந்தார். உண்ண மறுத்து நாளுக்கு நாள் மெலிந்த நோயாளரை விளையாட்டுப் பேச்சினாலே நகைக்கச் செய்து உண்பித்தல் அவ்வம்மையாருக்குக் கைவந்த கலை.

பூசென் தம் பகுதியிலே சில விதிகளை வைத்திருந்தார். நோயாளனை எந்த ஏவலாளனும் அடித்தலாகாது. நோயாளன் முந்தி அடித்தாலும் திருப்பி அடித்தலாகாது. மூர்க்கங் கொண்டவனைப் பலர் ஒருங்கே சூழ்ந்து ஊறு நேராமற் பிடித்தல் வேண்டும். இதனை மீறியவன் வேலையினின்று நீக்கப்படுவான். ஏவலாளரைத் தெரிந்தெடுப்பதிலும் அவர் ஒரு புதிய வழியைக் கொண்டார். நோய் தீர்ந்தவர்களையும் தீர்ந்து வருகின்றவர்களையுமே அவ்வேலைக்கு எடுத்தார். அத்துன்பத்தைத் தாம் பட்டவர்கள் பிறர் அதனைப் படும்போது கைந்நீட்டார் என்பதே அவர் எண்ணம். ஒருவன் பேணப்பட்டவனாயிருந்து பேணுபவனாக ஆகும்போது அவன் குணமும் உறுதிப்படுகின்றது.

உணவிலும் அவர்கள் கருத்துச் செலுத்தினர். புரட்சிக்கால வறட்சியிலே பாணின் அளவு குறைக்கப்பட்டபோது நோய் மிகுந்து சாவும் பெருகியதைப் பினெல் கண்டு எழுதிவைத்தார். அரைவயிற்றுக்கு உண்பவனிடத்தே ஆறுதல் மொழி செல்லாது என்பதை அதிகாரிகளுக்கு வற்புறுத்தினார்.

சர்வகலாசாலைப் பட்டம் பெற்று, பிறமொழி நூல்களையும் பெயர்த்த ஒருவர், எழுத்தறிவன்றி வேறு கல்வியில்லாத மேற்பார்வையாளரிடத்தே பாடங் கேட்டமையே இச்சரித்திரத்தின் நடுநாயகமான செய்தி என்பேம். பினெல் வைத்தியருக்குரிய மிடுக்கைப் புறத்தே வைத்துவிட்டுப் பூசெனுடன் நடந்தார். அவர் செய்வதைக் கவனித்தார். ஏன் செய்கின்றீர் என்று வினவினார். கேட்டதை நூலாக எழுதியபோது அவர் பெயரை மறைத்தாருமல்லர். பூசெனிடத்தே அநுபவம் இருந்தது. அதனைப் பிற தேசத்தாருக்கும் எட்டச் செய்யும் நூற்புலமை பினெலிடத்தே இருந்தது. இரண்டும் கூடியிராவிடில் அவ்வநுபவம் பீசேத்தர் மதிலைத் தாண்டியிராது.

தையற்காரர் கதை

பினெல் எழுதிவைத்த வரலாறுகளுள் ஒன்றை இங்கே தருகின்றேம். பாரிசிலே தையற்காரர் ஒருவர் இருந்தார். அரசனாகிய பதினாறாம் லூயி 1793ஆம் ஆண்டு சனவரியிலே சிரச்சேதஞ் செய்யப்பட்டான். அத்தீர்ப்பைப் பற்றித் தையற்காரர் வாய்தவறிச் சில வார்த்தை சொல்லிவிட்டார். அயலவர் அவரை ஐயுற்று நோக்கினர். தம்மையும் கில்லெட்டினுக்கு இழுத்துச் செல்வர் என்னும் அச்சம் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டது. உணவும் உறக்கமும் நீங்கின, சித்தங் கலங்கிற்று, பீசேத்தருக்குக் கொண்டுவரப்பட்டார்.

பினெல் அவருக்கு முதலிலே கொடுத்த மருந்து ஊசியும் நூலுமே. அங்குள்ள மற்றை நோயாளரின் ஆடைகளைத் தைக்கும் வேலை அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. தம் தொழில் கைக்கு வந்தவுடன் அவர் முகந் தெளிந்தது; தெளிந்த நிலையிற் சில காலம் இருந்தார். பின்பு அவ்வச்சம் மீண்டது. அப்பொழுது பினெல் ஓர் உபாயஞ் செய்தார். இளம் வைத்தியர் மூவர் நீதிபதிகள்போலக் கறுப்பு அங்கி அணிந்து பீசேத்தருக்கு வந்தனர்; தையற்காரரை முறைப்படி விசாரித்தனர்; அவர் குற்றமற்றவர், தேசத்தில் அன்புடையவர் என்று தீர்ப்புக் கூறினர். நோயாளருக்குப் பெரிய பாரம் நீங்கியது, குணமும் காணப்பட்டது.

ஆயினும் அக்குணம் நிலைத்திலது. அவ்விசாரணை வெறும் நாடகம் என்று யாரோ ஒருவர் விவேகமின்றி அவருக்கு வெளிப்படுத்திவிட்டனர். அதன்பின் அவர் நோய் தீராததாயிற்று. வைத்தியர் பலநாள் முயன்று கட்டியதை அயலிலே நின்றவனுடைய ஒரு சொல் இடித்துவிட்டது. இத்தோல்வியைப் பினெல் மறையாமல் எழுதியிருக்கின்றார். வைத்தியசாலையின் கடைசி ஏவலாளன்வரை கருணை எட்டாவிடில், தலைமை வைத்தியருடைய கருணையாற் பயனில்லை என்பதை இக்கதை காட்டுகின்றது.

சங்கிலி களையப்பட்ட வரலாறு

பினெல் என்றவுடன் பலர் நினைவுக்கு வருவது அவர் சங்கிலிகளை உடைத்தெறிந்த காட்சியே. புரட்சித் தலைவருள் ஒருவராகிய கூத்தோன் பீசேத்தருக்கு வந்ததாகவும், நோயாளரின் கூச்சலைக் கேட்டு வெறுப்புற்று, இவ்விலங்குகளை அவிழ்க்க நினைக்கும் நீரும் பைத்தியமோ என்று கேட்டதாகவும், காற்றும் சுதந்திரமும் இல்லாமையினாலேயே இவர்கள் இவ்வாறாயினர் என்று பினெல் விடையளித்துத் தம் கையாற் சங்கிலிகளை அவிழ்த்ததாகவும் ஒரு கதை வழங்குகின்றது. பினெலின் மைந்தர் 1836ஆம் ஆண்டிலே, தந்தையார் இறந்து பத்தாண்டின் பின் வெளியிட்ட கதை அது. பினெல் எழுதிய நூல்களில் அது காணப்படவில்லை.

நிகழ்ந்தது வேறு. பினெல் 1795ஆம் ஆண்டிலே பீசேத்தரை விட்டுப் பெண்களுக்குரிய சால்பெத்திரியேர் என்னும் பெரிய வைத்தியசாலைக்குத் தலைமை வைத்தியராய்ச் சென்றார். அவர் நீங்கியபின், 1797ஆம் ஆண்டளவிலே, பீசேத்தரிற் சங்கிலிகளைக் களைந்தவர் பூசெனே. மூர்க்கங் கொண்டவர் தமக்கும் பிறர்க்கும் ஊறு செய்யாதபடி கைநீண்ட முரட்டுத் துணிச்சட்டையை அணிவித்துச் சங்கிலியை விலக்கினார். தாம் அங்கிருந்த காலத்திலே அதனைச் செய்து முடிக்க இயலாமற் போயிற்று என்பதையும், பூசென் அதனை நிறைவேற்றினார் என்பதையும் பினெல் தம் நூலின் 1809ஆம் ஆண்டுப் பதிப்பிலே தாமே ஒப்புக்கொண்டிருக்கின்றார்.

பினெல் சங்கிலி களையுங் காட்சியை ஓவியர் தீட்டினர். 1885ஆம் ஆண்டிலே சால்பெத்திரியேர் வாயிலில் அவருக்குச் சிலையும் நாட்டினர். தோல் பதனிட்டவர் பெயரைப் பலரும் அறியார். ஓவியத்திலுள்ள பினெலினும் நூலிலுள்ள பினெல் பெரியவர் என்பது எம் கருத்து. பிறர் செய்த நற்செயலைத் தமதென்று கொள்ளாத வாய்மையும் ஒருவகைக் கருணையே.

சால்பெத்திரியேர்

சால்பெத்திரியேரிலே பல்லாயிரம் பெண்கள் இருந்தனர்; மனநோயாளரே பல நூற்றுவர். அங்கே தமக்குப் பூசென் வேண்டுமென்று பினெல் அதிகாரிகளிடம் விடாது கேட்டார். 1802ஆம் ஆண்டிலே அது கைகூடியது. இருவரும் சேர்ந்து அச்சாலையை ஒழுங்குபடுத்தினர். மூர்க்கமுடையார், சோர்வுடையார், குணமடைந்து வருவார் என நோயாளரை வேறுவேறிடத்திற் பிரித்து வைத்தனர். இயன்றவர்க்குத் தையல் முதலிய வேலை கொடுத்தனர். 1802 முதல் 1805 வரை அங்கே சேர்ந்த 1,002 மனநோயாளரின் வரவு, நோயின் வகை, முடிவு என்பவற்றைப் பினெல் கணக்கிட்டு 1807ஆம் ஆண்டிலே பாரிசு அறிஞர் சபையின் முன் வாசித்தார். மனநோயாளர் குணமடைவர் என்று சொல்வது போதாது, எத்தனைபேர் எம்முறையாற் குணமடைந்தனர் என்று காட்டல் வேண்டும் என்பது கணித ஆசிரியராயிருந்த அவர் துணிபு.

அவருடைய நூல்களுள், நோய்களை வகுத்துக் கூறும் நூல் 1798ஆம் ஆண்டிலும், மனநோயைப் பற்றிய நூல் 1801ஆம் ஆண்டளவிலும் வெளிவந்தன. பின்னையது விரைவிலே ஆங்கிலம் முதலிய பாஷைகளிலும் பெயர்க்கப்பட்டது.

இக்கருத்து அவர் ஒருவருக்கே தோன்றியது என்று எண்ணற்க. இத்தாலி தேசத்துப் புளோரன்சு நகரத்திலே கியாருகி என்னும் வைத்தியரும், இங்கிலாந்திலே 1796ஆம் ஆண்டு யோர்க்கு நகரத்தில் இல்லம் ஒன்றைத் திறந்த வில்லியம் தியூக்கு என்னுந் தேயிலை வணிகரும் ஏறக்குறைய அக்காலத்திலேயே அவ்வழியிற் சென்றனர். கருணை ஒரு தேசத்துக்கோ ஒரு கூட்டத்தாருக்கோ தனியுரிமையுடையதன்று.

பினெலின் முறையிலே குறை இல்லையென்றும் சொல்லோம். துணிச்சட்டையும் தனியறையும் சிலவிடத்துக் குளிர்நீரும் அவர் காலத்திலும் நின்றன. மனநோயாளனை அச்சத்தாலும் நாணத்தாலும் அடக்குதலும் ஒரு கண்காணாச் சங்கிலியே என்று 1961ஆம் ஆண்டிலே மிசேல் பூக்கோ என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுதினார். அக்கண்டனம் முற்றும் ஒப்புக்கொள்ளத்தக்கதன்றாயினும் எண்ணத்தக்கது. பிரம்பை ஒளித்து வைத்துவிட்டு, வகுப்பின் நடுவே மாணாக்கனை நாணச் செய்து அடக்குவோமாயின், நாமும் விலங்கை மாற்றினோமன்றி நீக்கினோமல்லேம்.

அந்திய காலம்

பூசென் 1811ஆம் ஆண்டிலே இறந்தார். பினெல் சக்கரவர்த்தியாகிய நெப்போலியனுக்கு ஆலோசனை வைத்தியராகவும், பாரிசு வைத்தியக் கல்லூரியிலே பேராசிரியராகவும் பெருமதிப்புடன் வாழ்ந்தார். 1822ஆம் ஆண்டிலே, மீண்டு வந்த மன்னராட்சி புரட்சிக் கொள்கையுடையாரென்று ஐயுற்ற பேராசிரியர் பலரை நீக்கியபோது, முதியவராகிய பினெலும் தம் பதவியை இழந்தார். சால்பெத்திரியேரை மாத்திரம் அவர் விட்டிலர். 1826ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 25ஆந் தேதி, தமது 81ஆம் வயதிலே, அங்கேயே தேகவியோகமாயினார். முப்பத்தோராண்டு அச்சாலையே அவருக்கு வீடாயிருந்தது.

அவர் மாணாக்கருள் முதல்வராகிய எஸ்கிறோல் பிரான்சு தேசமெங்கும் சுற்றி, மனநோயாளர் இருந்த இடங்களைப் பார்வையிட்டார். பாரிசுக்கு வெளியே அவர்கள் இன்னும் சங்கிலியிலும் ஈரத்தரையிலும் கிடந்ததைக் கண்டு, 1819ஆம் ஆண்டிலே அதனை அரசாங்கத்துக்கு எழுதி வெளியிட்டார். 1838ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆந் தேதி, ஒவ்வொரு மாகாணமும் மனநோயாளருக்கு வைத்திய வசதி செய்தல் வேண்டும் என்னுஞ் சட்டம் பிறந்தது. ஓரிடத்திலே சங்கிலி நீங்கி, தேசத்துச் சட்டத்திலே இடம்பெற நாற்பதாண்டு சென்றது.

நாம் அறியற்பாலன

இவையெல்லாம் பழங்கதை, மேலைத் தேசத்துக் கதை என்று வாசிப்போர் எண்ணாதிருக்கக் கடவர். 2001ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 6ஆந் தேதி, தமிழ்நாட்டிலே இராமநாதபுரப் பகுதியைச் சேர்ந்த ஏர்வாடியில், தனியார் மனநோயாளர் இல்லமொன்று தீப்பற்றியது. ஓலைக் கொட்டகையிலே சங்கிலியாற் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி மாண்டனர். இறந்தோர் 28 பேர். பூசென் சங்கிலி களைந்து இருநூறு ஆண்டு கழிந்தபின், தமிழ் பேசும் மண்ணிலே இது நிகழ்ந்தது. 2017ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் மனநோயாளரை எவ்வகையாலும் சங்கிலியிடலாகாதென்று விலக்கியது. சட்டம் சாலையின் வாயில்வரைதான் வரும். அறையினுள்ளே செல்ல வேண்டியது ஏவலாளனுடைய மனச்சாட்சியே.

அம்மனச்சாட்சி எங்கே உண்டாகின்றது? ஏவலாளனும் தாதியும் வைத்தியனும் ஒருகாற் பள்ளிக்கூடத்து வாங்கிலிருந்த பிள்ளைகளே. மனநோயாளனைக் கல்லெறிந்து விளையாடிய பிள்ளை அவ்விளையாட்டை மறந்து வளர்வதில்லை. ஆகவே ஆசிரியர்கள் செய்யத்தக்கன சில உள. மனநோயாளரை இழித்துரைக்கும் பெயர்களை மாணாக்கர் வாயினின்று அகற்றல் வேண்டும். மனநோய் குற்றமன்று, சாபமன்று, வைத்தியத்துக்குரிய நோய் என்பதைச் சுகாதார பாடத்திலே தெளிவாய்ச் சொல்லல் வேண்டும். மாணாக்கன் ஒருவன் வரவரப் பேச்சொழிந்து, உணவிலும் விளையாட்டிலும் மனஞ்செல்லாதிருப்பின், சோம்பேறி என்று கடியாமல் அருகிருந்து வினவி, பெற்றோருக்கு அறிவித்து, வைத்தியரிடஞ் செல்லத் தூண்டல் வேண்டும். அத்தகைய நோயாளன் இருக்கும் வீட்டாரை ஊரார் விலக்கினாலும் ஆசிரியர் விலக்காது சென்று விசாரித்தல் வேண்டும். சட்டம்பியாரே வந்து போகும் வீட்டை ஊரார் நெடுநாள் விலக்கார்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நம் கையின் கீழ் இருப்பவரை நாம் நடத்தும் விதமே நம் மாணாக்கர் படிக்கும் பாடம். திருப்பி அடிக்கமாட்டாதவனை அடித்தலாகாது என்னும் பூசெனுடைய விதி வைத்தியசாலைக்கு எவ்வளவு உரியதோ, வகுப்பறைக்கும் அவ்வளவு உரியது. தம்மினுங் கல்வியிற் குறைந்தவரிடத்தும் பாடங் கேட்ட பினெலின் பணிவு, கற்பிக்குந் தொழிலுடையார் நாடோறும் எண்ணத்தக்கது. ஏவலாளனிடமும் நோயாளனிடமும் கற்றவரே பிறகு உலகத்துக்குக் கற்பித்தார்.